தைராய்டுக்கு எந்த டாக்டரிடம் போவது?



எங்கள் வ. புதுப்பட்டியில் ஒருவருக்கு மேலுக்குச் சரியில்லை என்றால் முதலில் எழும் கேள்வி, "என்ன நோய்?" என்பதன்று. "யாரிடம் காட்டினீர்கள்?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். வத்திராயிருப்பா, ஸ்ரீவில்லிபுத்தூரா, இராஜபாளையமா, இல்லை ஒரேயடியாக மதுரைக்கே போய்விடுவதா என்று திண்ணையில் விவாதம் நடக்கும். ஆளுக்கொரு டாக்டர் பெயரைச் சொல்வார்கள். வந்திருப்பது தைராய்டு என்று தெரிந்துவிட்டால் விவாதம் இன்னும் நீளும். "அதற்கெல்லாம் பெரிய ஊர் டாக்டர்தான் சரி" என்பார் ஒருவர். "மாத்திரையே வேண்டாம், இந்தப் பொடியை மூன்று மாதம் சாப்பிட்டால் அடியோடு போய்விடும்" என்பார் இன்னொருவர்.

நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறவன். எனினும் தைராய்டு சிகிச்சை என்பது பெரும்பாலும் அளப்பதும், காத்திருப்பதும், மீண்டும் அளப்பதுமாகவே இருக்கிறது. இவை ஆய்வுக்கூடத்தில் நமக்குப் பழக்கமானவை அல்லவா? அந்த உரிமையில் என் கருத்தைச் சொல்கிறேன். பெரும்பாலான தைராய்டு நோயாளிகளுக்கு ஏற்ற டாக்டரைப் புகழை வைத்தோ தொலைவை வைத்தோ தேட வேண்டியதில்லை. கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறாரா, இரத்தத்தை அளக்கச் சொல்கிறாரா, குறித்த நாளில் திரும்ப வரச் சொல்கிறாரா என்று பாருங்கள். இந்த மூன்றையும் செய்பவரே ஏற்றவர். அத்தகைய டாக்டர் உங்கள் பக்கத்து ஊர் அரசு மருத்துவமனையிலேயே இருக்கக்கூடும்.

"இது பெரியவர்கள் சமாசாரம், எங்களுக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். சென்னை உள்ளிட்ட 8 இந்திய நகரங்களில் 5,000-க்கும் மேற்பட்ட வயது வந்தோரைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. அவர்களில் 100-க்கு ஏறத்தாழ 11 பேருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருந்தது. ஆண்களைவிடப் பெண்களிடமே இது அதிகம். நகரத்துக் கணக்கைக் கிராமத்துக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும், 40 பேர் படிக்கும் உங்கள் வகுப்பில் சில வீடுகளிலாவது இந்த நோய் இருக்கும் என்று எண்ணுவது தவறாகாது. அம்மாவுக்கோ அத்தைக்கோ அக்காளுக்கோ வந்தால், மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லும் வேலை பெரும்பாலும் உங்களிடம்தான் வந்து சேரும்.

எல்லா உறுப்புக்கும் ஒரே சுரப்பி

முன்கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலை அணைத்தபடி இருக்கிறது தைராய்டு சுரப்பி. வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போன்ற வடிவம். எடை ஏறக்குறைய 20 கிராம். உணவிலிருந்து கிடைக்கும் அயோடினைக் கொண்டு தைராக்ஸின் என்ற ஹார்மோனை இது உண்டாக்குகிறது. இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், குடல் எவ்வளவு விரைவாக இயங்க வேண்டும், உடல் எவ்வளவு வெப்பத்தை உண்டாக்க வேண்டும் என்பவற்றிலெல்லாம் இந்த ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியும் எலும்பு வளர்ச்சியும் இதைச் சார்ந்தவை.

தைராக்ஸின் குறைந்தால் களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், உடல் எடை கூடுதல், குரல் கரகரப்பு, மாதவிலக்கில் மிகுந்த இரத்தப்போக்கு, மறதி ஆகியவை தோன்றும். மாணவனாக இருந்தால் உயரம் வளர்வது நின்றுபோகலாம். பாடமும் மனத்தில் பதியாமல் போகலாம். தைராக்ஸின் மிகுந்தாலோ நேர் எதிரான தொல்லைகள்: படபடப்பு, கைநடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துப்போதல், வியர்வை, தூக்கமின்மை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மேலே சொன்ன ஒவ்வொரு தொல்லையும் தைராய்டு நோய் இல்லாதவர்களுக்கும் வரும். களைப்பு இரத்தசோகையாலும் வரும். முடி உதிர்வதற்கு எத்தனையோ காரணங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. சேர்த்துப் பார்க்கும் ஒருவர் வேண்டும்.

என் மதினிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். முடி கொட்டுகிறது என்று ஒருவரிடம் எண்ணெய் வாங்கினார். முழங்கால் வலிக்கு ஒருவரிடம் ஊசி போட்டுக்கொண்டார். களைப்புக்கு ஓரிடத்தில் சத்து டானிக் கொடுத்தார்கள். மலச்சிக்கலுக்கு வீட்டிலேயே கஷாயம். இப்படியே இரண்டு ஆண்டுகள் போயின. இதற்கிடையே அவருக்குச் 'சோம்பேறி' என்ற பெயரும் வந்து சேர்ந்தது. ஒருநாள் சாதாரணக் காய்ச்சலுக்காக ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்த இளம் டாக்டரம்மா, "உங்க குரல் எப்பவுமே இப்படித்தானாம்மா?" என்று கேட்டார். "இல்லீங்க டாக்டரம்மா, ரெண்டு வருசமாத்தான்" என்றார் மதினி. உடனே டாக்டர் எழுந்து வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், எச்சிலை விழுங்கச் சொன்னார், நாடித்துடிப்பை எண்ணினார், இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். நோய் அன்றுதான் பிடிபட்டது.

அந்த டாக்டரம்மா தைராய்டு நிபுணர் அல்லர். எம்.பி.பி.எஸ். படித்துப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆனவர். ஆனால் குரலைக் கேட்டார், கேள்வி கேட்டார், தொட்டுப் பார்த்தார். தைராய்டு சுரப்பி மூச்சுக்குழலோடு ஒட்டியிருப்பதால் நாம் விழுங்கும்போது மேலே எழும்பி இறங்கும். கழுத்தில் உள்ள கட்டி தைராய்டைச் சேர்ந்ததா என்பதற்கு இது நல்ல அடையாளம். நீங்களும் கண்ணாடி முன் நின்று, முகவாயைச் சற்று உயர்த்தி, ஒரு மிடறு தண்ணீர் விழுங்கிப் பாருங்கள். ஏதேனும் புடைப்பு மேலும் கீழும் போவது தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இந்தச் சோதனைக்குச் செலவும் இல்லை, நேரமும் ஆகாது. நாற்காலியை விட்டு எழாமலே தைராய்டு மருந்து எழுதுகிற டாக்டரைப் பற்றி நீங்கள் சற்று யோசிக்கலாம்.

கூச்சலை அளப்பது

இரண்டாவது அடையாளம் அளவீடு. தைராய்டை ஆட்டிவைப்பது மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி. அது டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை இரத்தத்தில் அனுப்பித் தைராய்டை வேலை வாங்குகிறது.

மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி அருகே ஒருவர் நிற்கிறார். கீழே மோட்டார் போடுகிறவர் இன்னொருவர். தொட்டியில் நீர் குறைந்தால் மேலே நிற்பவர் "மோட்டார் போடு!" என்று குரல் கொடுக்கிறார். மோட்டார் பழுதாகி நீர் ஏறவில்லை என்றால் இன்னும் உரக்கக் கத்துகிறார். தொட்டி நிரம்பினால் வாயை மூடிக்கொள்கிறார். தொட்டியில் உள்ள நீர் தைராக்ஸின். மேலே நிற்பவரின் கூச்சல் டி.எஸ்.எச். ஆகவேதான் சுரப்பி பழுதாகித் தைராக்ஸின் குறையும்போது டி.எஸ்.எச். கூடுகிறது. "டி.எஸ்.எச். கூடியிருக்கிறது என்றால் தைராய்டு கூடியிருக்கிறது" என்று பலர் தவறாகப் புரிந்துகொள்வதும் இந்த இடத்தில்தான்.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. இரத்தத்தில் தைராக்ஸின் பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். இரண்டு மடங்கு அன்று, ஏறக்குறைய 100 மடங்கு கூடக்கூடும். மடக்கை படித்தவர்களுக்கு இந்த உறவு புரியும். தைராக்ஸினில் ஏற்படும் சிறு குறைவையும் டி.எஸ்.எச். பெரிதாக்கிக் காட்டிவிடுகிறது. அதனால்தான் டாக்டர்கள் முதலில் அதை அளக்கச் சொல்கிறார்கள். வயது வந்தோருக்கு ஒரு லிட்டர் இரத்த நீரில் ஏறக்குறைய 0.4 முதல் 4 மில்லி யூனிட் வரை இயல்பான அளவு. இது ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் சற்று வேறுபடும். கர்ப்பிணிகளுக்குக் கணக்கே வேறு.

இரத்தத்தில் மிக மிகக் குறைவாக உள்ள இத்தகைய ஹார்மோன்களை அளக்க வழி கண்டவர்களில் ஒருவர் இயற்பியல் படித்தவர் என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். அமெரிக்காவைச் சேர்ந்த ரோஸலின் யாலோ அணுக்கரு இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். சாலமன் பெர்சன் என்ற மருத்துவரோடு சேர்ந்து, கதிரியக்க அயோடினை அடையாளமாகப் பயன்படுத்தி, இன்சுலினை அளக்கும் முறையை 1950-களின் இறுதியில் உருவாக்கினார். அம்முறை பிற ஹார்மோன்களுக்கும் பரவிற்று. 1977-இல் யாலோவுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது; பெர்சன் 1972-இலேயே காலமாகிவிட்டார். இன்று பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் கதிரியக்கத்துக்குப் பதில் ஒளி உமிழும் வேதிப்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். அடிப்படைக் கருத்து அதுவேதான்.

அளவீடு என்றால் அதில் பிழையும் உண்டு என்று ஆய்வுக்கூட வகுப்பில் படிக்கிறோம். டி.எஸ்.எச். இரவிலும் விடியற்காலையிலும் கூடுதலாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும். ஒருமுறை காலையிலும் மறுமுறை மாலையிலும் இரத்தம் கொடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடக் கூடாது. முடி வளர்வதற்காகச் சாப்பிடும் பயோட்டின் என்ற வைட்டமின் சில பரிசோதனைகளைத் தவறாகக் காட்டச் செய்யும். ஆகவே கூடியவரை ஒரே ஆய்வுக்கூடம், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. சாப்பிடும் மற்ற மருந்துகளை எல்லாம் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

டி.எஸ்.எச். சற்றே கூடி, தைராக்ஸின் இயல்பாகவே இருந்தால் நல்ல டாக்டர் உடனே ஆயுள் முழுவதுக்கும் மாத்திரை எழுதிவிட மாட்டார். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பார்ப்பார். பலருக்கு அது தானாகவே இயல்புக்குத் திரும்பிவிடுவதுண்டு. ஒரே ஓர் அளவீட்டை வைத்து நாம் ஊசலின் அலைவு நேரத்தை முடிவு செய்வோமா?

திரும்பி வந்த சிறுமி

மூன்றாவது அடையாளத்தையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு.

சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதிகளில் அயோடின் பற்றாக்குறையால் கழுத்துக் கழலை ஒரு காலத்தில் மிகுந்திருந்தது. பெர்ன் நகரில் இருந்த தியோடர் கோக்கர் கழலை அறுவையில் கைதேர்ந்தவர். 1874-இல் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தைராய்டு சுரப்பி முழுவதையும் அகற்றினார். அறுவை நன்றாகவே முடிந்தது. ஆனால் சிறுமி நாளடைவில் மந்தமாகிவிட்டாள் என்று அவளை அனுப்பிய ஊர் மருத்துவர் தெரிவித்தார். அப்போது யாரும் அதை அவ்வளவாகக் கருதவில்லை. 1882-இல் ஜெனீவாவைச் சேர்ந்த ரெவர்டென் என்ற மருத்துவர், தாம் அறுவை செய்தவர்களிடமும் இத்தகைய மாற்றத்தைக் கண்டதாகச் சொன்ன பின்புதான் கோக்கர் தம் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்தார். அந்தச் சிறுமியும் வந்தாள். அவள் வளரவே இல்லை; அவளுடைய தங்கை அவளைவிட உயர்ந்து நின்றாள். சுரப்பியை முழுவதும் இழந்த பெரும்பாலோரிடம் இதே நிலையைக் கண்ட கோக்கர், 1883-இல் அதை மறைக்காமல் மருத்துவர் மாநாட்டில் எடுத்துரைத்தார். தைராய்டு எதற்காக இருக்கிறது என்பது உலகுக்குத் தெளிவானதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. 1909-இல் கோக்கருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அக்காலத்தின் தலைசிறந்த கை அவருடையது. ஆயினும் நோயாளிகளைத் திரும்பப் பார்த்த பின்புதான் அவருக்கே உண்மை தெரிந்தது. ஊர் மருத்துவர் ஒருவர் அதை முன்பே கவனித்துச் சொல்லியிருந்தார் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அருகில் இருந்து அடிக்கடி பார்ப்பவருக்கு உள்ள வசதி அது.

சிகிச்சை பிறந்த கதையும் சுவையானது. 1891-இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் முர்ரே என்ற மருத்துவர், சுரப்புக் குறைவால் வருந்திய 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசி வழியே செலுத்தினார். அவர் தேறினார். பிற்காலத்தில் அந்தச் சாற்றை வாய் வழியே உட்கொண்டு, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 74-ஆம் வயதில் காலமானார். அதற்கு 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன என்று முர்ரே கணக்குச் சொல்லியிருக்கிறார். 1914-இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்ஸினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1927-இல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கினர். இன்று நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் மாத்திரை என்று வைத்துக்கொண்டால் 1 கிராம் தைராக்ஸின் 10,000 நாட்களுக்கு, அதாவது 27 ஆண்டுகளுக்கு மேல் வரும். 870 ஆடுகள் எங்கே, 1 கிராம் எங்கே!

ஆறு வாரக் கணக்கு

இவ்வளவு நுண்ணிய அளவில் வேலை செய்யும் மருந்தை ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துவிட முடியாது. இங்கேதான் இயற்பியல் உதவுகிறது. கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுட்காலம் என்று படித்திருப்பீர்கள். உடலில் தைராக்ஸினுக்கும் ஏறக்குறைய 7 நாள் அரை ஆயுட்காலம் உண்டு. தினமும் ஒரே அளவு மாத்திரை சாப்பிடத் தொடங்கினால், மாத்திரையால் சேரும் தைராக்ஸின் இறுதி நிலையில் முதல் வார முடிவில் 50 விழுக்காட்டை எட்டும். இரண்டாம் வாரம் 75. மூன்றாம் வாரம் 87.5, நான்காம் வாரம் ஏறக்குறைய 94, ஐந்தாம் வாரம் 97, ஆறாம் வாரம் 98. டி.எஸ்.எச். இதற்கும் சற்றுப் பின்தங்கியே மாறும். ஆகவேதான் 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி அளந்து, மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார்கள். பத்தாம் நாள் பரிசோதித்தால் பணம்தான் வீண். பரிசோதிக்காமலே ஆண்டுக்கணக்கில் அதே சீட்டுக்கு மாத்திரை வாங்குவது அதைவிடத் தவறு.

இதே கணக்கைத் தலைகீழாகவும் போட்டுப் பாருங்கள். ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகைப் பொடிக்கு மாறுகிறார். மாத்திரையால் வந்த தைராக்ஸினில் ஒரு வாரம் கழித்தும் பாதி அப்படியே இருக்கிறது. இரண்டாம் வாரமும் கால் பங்கு இருக்கும். அந்த நாட்களில் அவருக்கு ஒன்றும் தெரியாது. "பொடி வேலை செய்கிறது" என்று மகிழ்வார். பத்துப் பேருக்குச் சொல்லவும் செய்வார். ஒரு மாதத்தில் 16-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். களைப்பும் வீக்கமும் மெல்ல மெல்லத் திரும்பும்போது, அதற்கு வெயிலையோ வேலையையோ வயதையோ காரணம் காட்டுவார். பொடியைக் கொடுத்தவர் ஏமாற்றுக்காரர் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. அவரே நம்பிக் கொடுத்திருக்கலாம். அரை ஆயுட்காலம் இருவரையும் ஏமாற்றிவிடுகிறது. ஆனால் மாத்திரையை நெடுங்காலம் கைவிட்டவர்களுக்கு இதயம் பாதிக்கப்படும். மிக முற்றினால் நினைவிழந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே "மூன்று மாதத்தில் நிரந்தரமாகப் போக்குகிறேன், மாத்திரையை நிறுத்துங்கள்" என்பவரிடம், அவர் எந்த வைத்திய முறையைச் சேர்ந்தவராயினும், போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

"அயோடின் உப்புத்தான் சாப்பிடுகிறோமே, பிறகு ஏன் இந்த நோய்?" என்றும் கேட்கிறார்கள். இமயமலை அடிவாரத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் டாக்டர் வி. இராமலிங்கசுவாமி குழுவினர் நடத்திய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பு கழலையைக் குறைக்கும் என்று காட்டிற்று. 1962-இல் தேசியத் திட்டமும் தொடங்கிற்று. அந்த உப்பு இன்றும் தேவை. ஆனால் இன்று நம்மிடையே காணும் சுரப்புக் குறைவில் பெரும்பகுதி, உடலின் எதிர்ப்பு ஆற்றலே சுரப்பியைத் தாக்குவதால் வருவது. 1912-இல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்த நோய் அது. கூடுதல் உப்பு அதைக் குணப்படுத்தாது.

எப்போது தொலைவு போக வேண்டும்?

பக்கத்து டாக்டரே எல்லாவற்றுக்கும் போதும் என்று நான் சொல்லவில்லை. எம்.பி.பி.எஸ்., பிறகு எம்.டி., அதன் பிறகு மூன்று ஆண்டு டி.எம். என்று படித்த நாளமில்லாச் சுரப்பி நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எண்ணிக்கை குறைவு. பெரும்பாலும் நகரங்களில்தான் இருப்பார்கள். கீழ்க்கண்ட நிலைகளில் அவர்களை நாடுவது அவசியம்.

சுரப்பு மிகுதியானவர்களுக்கு மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை என மூன்று வழிகள் உண்டு. எது தக்கது என்று முடிவு செய்ய அனுபவம் வேண்டும். அவர்களுக்குக் கொடுக்கும் கார்பிமசோல் மாத்திரையைச் சாப்பிடும்போது காய்ச்சலும் தொண்டைவலியும் வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பார்த்து இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். இதை முன்கூட்டியே எச்சரிக்கும் டாக்டர் நல்ல டாக்டர். கழுத்தில் கட்டி இருந்தால் ஸ்கேனும், தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பதும் வேண்டும். பெரும்பாலான கட்டிகள் புற்று அல்ல என்பதால் அஞ்ச வேண்டியதில்லை, அலட்சியமும் கூடாது. கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க எண்ணுபவர்களும், இதயநோய் உள்ளவர்களும், வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் தாமதிக்கக் கூடாது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் அளவு சீர்ப்படாதவர்களையும் நிபுணர் பார்க்க வேண்டும்.

பச்சிளங்குழந்தைகளைத் தனியே சொல்ல வேண்டும். நம் நாட்டில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்று தைராய்டு குறைபாட்டோடு பிறக்கிறது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்து, இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் அக்குழந்தை மற்றவர்களைப் போலவே வளர்ந்து உங்களோடு படிக்கும். தவறினால் மூளை வளர்ச்சி குன்றிவிடும். பிறகு எவ்வளவு பெரிய டாக்டரிடம் போனாலும் இழந்ததை முழுவதும் மீட்க முடியாது. உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால், "குதிகால் சோதனை செய்தாயிற்றா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நிபுணரிடம் போய்வந்த பிறகும், ஆறு வாரத்துக்கு ஒருமுறை அளப்பதும், சீரான பின் ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை அளப்பதும் பக்கத்து ஊரிலேயே நடக்கலாம். கிருஷ்ணன்கோயில் வழியாக மதுரைக்குப் பேருந்து ஏறி, ஒருநாள் கூலியை இழந்து, வரிசையில் காத்திருந்து, "அதே மாத்திரையைச் சாப்பிடுங்கள்" என்ற ஒரு வரியைக் கேட்டுத் திரும்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறை போவார்கள். மூன்றாம் முறை போகமாட்டார்கள். சிகிச்சை அங்கேயே அறுந்துவிடும். தொலைவில் உள்ள டாக்டரின் திறமையால் அந்தக் குறையை ஈடுசெய்ய முடியாது.

விருதுநகரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. தைராக்ஸின் விலை மலிவானது; உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் அது இருக்கிறது. தைராய்டு நோயாளிகளின் பெயரையும் அடுத்த பரிசோதனை நாளையும் கிராமச் செவிலியரின் குறிப்பேட்டில் சேர்த்து, நாள் தவறியவரைத் தேடிப் போய் அழைத்துவரும் ஏற்பாடு எல்லா ஊர்களிலும் வேண்டும் என்பது என் விருப்பம்.

நீங்கள் செய்யக்கூடியது

வீட்டில் யாரேனும் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார்களா? காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் சாப்பிட வேண்டும்; காப்பிக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். புட்டியை அடுப்புக்கு அருகிலோ வெயில் படும் சன்னலிலோ வைக்கக் கூடாது. இவற்றையெல்லாம் நோயாளிக்குப் பொறுமையாகச் சொல்லும் டாக்டரும் உண்டு. கூட்டத்தில் சொல்ல மறந்துவிடுபவரும் உண்டு. மறந்தால் நீங்கள் கேளுங்கள். கேள்வியை வரவேற்பவரா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

பழைய பரிசோதனைச் சீட்டுகள் பீரோவிலோ பையிலோ கலைந்து கிடக்கும். அவற்றை எடுத்துத் தேதி வாரியாக அடுக்குங்கள். ஒரு நோட்டில் ஐந்து கட்டங்கள் போட்டு, நாள், டி.எஸ்.எச். அளவு, மாத்திரையின் மைக்ரோகிராம், உடல் எடை, நாடித்துடிப்பு ஆகியவற்றை எழுதுங்கள். வரைபடத்தாளில் கிடை அச்சில் நாளையும் நிலை அச்சில் டி.எஸ்.எச். அளவையும் குறித்துப் புள்ளிகளை இணையுங்கள். மாத்திரையின் அளவு மாறிய நாட்களில் ஓர் அம்புக்குறி போடுங்கள். எங்கே ஓராண்டு இடைவெளி விழுந்திருக்கிறது, எப்போது மாத்திரை நின்றது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

என் மதினிக்கு அவருடைய மகள் இப்படி ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாள். அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மதினியின் அளவு மூன்றாம் முறை மாத்திரையைக் கூட்டிய பின்புதான் சீரானது. இப்போது விடியற்காலையில் எழுந்து வேலையைத் தொடங்கிவிடுகிறார். அவரைச் சோம்பேறி என்று சொன்னவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அதை வாங்கிப் பார்த்து, ஒரு புள்ளியைச் சுட்டி, "இந்த மாதம் என்னம்மா ஆச்சு?" என்று கேட்கும் டாக்டர் கிடைத்தால், அவரை விட்டுவிட்டு வேறிடம் தேட வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள்.